உதவி: என்னோட பேஷண்ட்ஸ் எல்லாம் 'உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்'ல வர்றாங்க, நிறுத்த வழி உண்டா?

பிசியோ_மதுரை:
வணக்கம். வீடு வீடாப் போய் பிசியோதெரபி பண்றேன். முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சவங்க, பக்கவாதம் வந்தவங்கதான் அதிகம். ஒரு சமூக வலைத்தளத்துல கணக்கு இருக்கு, எதுன்னு இங்க வேண்டாம். அதுல காட்டுற ஆட்களால மூணு தொந்தரவு.

புதுசா ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாள்ல அந்த வீட்டு ஆள் முகம் அங்க வந்து நிக்குது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். போன வாரம் ஒரு அம்மா காலை நீட்டி உட்கார்ந்தபடியே போனைக் காட்டி, "இது யாரும்மா, தெரியாத ஆளு, தினமும் வர்றாரு?"ன்னு கேட்டாங்க. பார்த்தா என்னோட இன்னொரு பேஷண்ட், ரிட்டயர்டு வாத்தியார். நான் வாயைத் திறக்கல. ஒரு வீட்டு வியாதியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போற வேலை நமக்கு எதுக்கு?

மூணாவது, யாருன்னே தெரியாத ஒரு பையன். ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு சிவப்பு பைக்குல சாய்ஞ்சு நிக்கிறான். பொதுவான நண்பர் ஒருத்தர்கூட இல்ல. நீக்கினா திரும்ப வர்றான்.

லொகேஷனை அணைச்சுட்டேன், மைக்கை அணைச்சுட்டேன், கான்டாக்ட்ஸ்ல அஞ்சாறு பேரை அழிச்சும் பார்த்தேன். ஒண்ணும் மாறல.

வெட்டிப்பேச்சு:
மைக்தான் மேடம், சந்தேகமே வேண்டாம். எங்க வீட்டுல மிக்ஸி பத்திப் பேசினோம், சாயங்காலமே மிக்ஸி விளம்பரம்.

திருகாணி:
தம்பி, மிக்ஸியை ஓரமா வைங்க. மேடம், ரெண்டு கேள்வி. பேஷண்ட்ஸ்கிட்ட பேசுற நம்பரும் கணக்குல கொடுத்த நம்பரும் ஒண்ணா? அடுத்து, ஆப்போட செட்டிங்ஸ்ல 'கான்டாக்ட்ஸ்'னு தேடி, ஏற்கெனவே பதிவேற்றின பட்டியல் ஏதாவது இருக்கான்னு பாருங்க. போன்ல இப்ப பெர்மிஷன் இல்லாட்டியும் பாருங்க. பெர்மிஷனை எடுத்தா இனிமே போறதுதான் நிக்கும், முன்னாடி போனது அங்கேயேதான் கிடக்கும்.

பிசியோ_மதுரை:
ஒரே நம்பர்தான் சார். பெர்மிஷன் இல்லைன்னுதான் காட்டுது, ஆனா உள்ளே போனா 1,140 பேர் இருக்காங்க! 2019ல கீழே விழுந்து உடைஞ்ச பழைய போன்ல இருந்து ஏறினது. 'கேஸ் தம்பி', 'மாடி சாவி அக்கா', 'செல்லூர் ஆட்டோ', 'இடுப்பு தாத்தா மகன்'னு நான் எழுதி வச்சபடியே இருக்கு. படிக்கும்போதே கூச்சமா இருந்துச்சு.

ஆனா இந்த வருஷம் வந்த பேஷண்ட்ஸ் அந்தப் பட்டியல்ல கிடையாதே? அவங்க எப்படி வர்றாங்க?

திருகாணி:
அவங்க போன்ல நீங்க இருக்கீங்க, அதான். 'பிசியோ மேடம்'னு உங்க நம்பரை சேவ் பண்ணி, அவங்க பட்டியலை ஏத்தியிருப்பாங்க. உங்க கணக்கு அதே நம்பர்ல இருக்கு. கோடு இழுக்க அது போதும், நீங்க எதையும் கொடுத்திருக்க வேண்டியதில்ல.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்ல. 2016ல காஷ்மீர் ஹில்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினாங்க. ஒரு மனநல மருத்துவரோட நோயாளிங்களை ஃபேஸ்புக் ஒருத்தருக்கொருத்தர் காட்டியிருக்கு. அதுல ஒருத்தர் பனியில சறுக்கி விளையாடுற முப்பது சொச்சம் வயசு ஆளு. அவருக்கு வந்ததெல்லாம் வயசானவங்க முகம். 'இவங்கல்லாம் உங்க பேஷண்ட்ஸா'ன்னு டாக்டர்கிட்டயே கேட்டுட்டாரு. நீங்க சொன்ன அந்த பேஷண்ட் அம்மாவுக்கும் வாத்தியாருக்கும் நடுவுலயும் இதே மாதிரிதான்: ரெண்டு பேர் போன்லயும் உங்க நம்பர். உள்ளே எட்டிப் பார்க்க நமக்கு வழியில்ல, ஆனா நான் பந்தயம் கட்டினா இதுலதான் கட்டுவேன்.

லொகேஷன் விஷயத்துல அதே 2016ல ஃபேஸ்புக் ஆள் ஒருத்தர் அதுவும் ஒரு காரணம்னு சொல்ல, அப்புறம் நிறுவனமே அப்படி இல்லைன்னு மறுத்துச்சு. நம்ம கொடுக்காத நம்பர் அவங்ககிட்ட இருக்குங்கறது 2013லேயே வெளியே வந்துச்சு. சொந்தத் தகவலைத் தரவிறக்குற வசதியில ஒரு கோளாறு. சுமார் 60 லட்சம் பேரோட போன் நம்பரோ மின்னஞ்சலோ மத்தவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதெல்லாம் யார் யாரோ ஏத்தின பட்டியல்ல இருந்து சேர்ந்தது.

நடுமுனை:
ஒரு சின்ன சேர்க்கை. பொதுவான ஆள் ஒருத்தர் இருந்தாலே காட்டிடாது, அந்த ஆள் யாருங்கறதுக்கும் எடை உண்டு. 2003ல லாடா அடாமிக், எய்தன் அடார்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கீடு சொன்னாங்க: பொதுவா இருக்கிறவருக்குத் தொடர்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு குறைவான மதிப்பு. ரெண்டு பேருக்கும் வார்டு கவுன்சிலரைத் தெரியும்னா அதுல என்ன இருக்கு, ஊருக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் வீட்டுக்கு வர்ற அதே பிசியோவைத் தெரியும்னா விஷயமே வேற. அடிப்படையில இதுக்கு மைக்கும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

ரீசார்ஜ்கடை:
அந்தப் பைக் பையனை யாரும் கண்டுக்கலையே? மேடம், பட்டியல்ல இப்ப ஓடாத பழைய நம்பர் ஏதாவது இருக்கா? நம்ம ஊர்ல துண்டிச்ச நம்பரை குறைஞ்சது 90 நாளாவது யாருக்கும் கொடுக்காம வைப்பாங்க. அதுக்கப்புறம் புது சிம்மா கடைக்கு வந்துடும். என் கடைக்கு வர்றவங்க பாதிப் பேர், 'யாரோட கடனுக்கோ என்னைக் கூப்பிடுறாங்க'ன்னு புலம்புறது இதனாலதான்.

பிசியோ_மதுரை:
அண்ணே... பட்டியல்ல 'அப்பா 2'ன்னு ஒண்ணு இருக்கு. அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு, அந்த நம்பருக்கு நாங்க ரீசார்ஜ் பண்ணல. இப்ப வாட்ஸாப்புல திறந்து பார்த்தேன். அதே சிவப்பு பைக்.

திருகாணி:
வருத்தமா இருக்கும்மா.

செய்ய வேண்டியதைச் சொல்லிடறேன். பதிவேற்றின பட்டியலை மொத்தமா அழிங்க, ஒவ்வொண்ணா வேண்டாம். 'போன் நம்பரை வச்சு உங்களை யார் தேடலாம்'ங்கற இடத்துல 'நான் மட்டும்'னு வைங்க. மத்தவங்க போன்ல இருக்கிறதை நம்மால அழிக்க முடியாது, அதனால வேலைக்குத் தனி சிம் ஒண்ணு எடுங்க. அந்த நம்பரை எந்தக் கணக்குலயும் கொடுக்காதீங்க, ஓடிபிக்குக்கூட. பழைய பேஷண்ட்ஸ் இன்னும் கொஞ்ச நாள் வருவாங்க, புதுசா வர்றவங்க குறைவாங்க.

பிசியோ_மதுரை:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். தனி சிம் எடுத்தாச்சு. புதுசா நாலு வீடு போயிருக்கேன், ஒருத்தரும் வரல. வாத்தியார் மட்டும் அந்த அம்மாவுக்கு இன்னும் வர்றாராம், "பார்க்க நல்ல மனுஷனாத்தான் இருக்காரு"ன்னு சொல்றாங்க. பைக் பையனைக் காணோம். பட்டியலை மொத்தமா அழிச்சுட்டேன், போன்ல 'அப்பா 2' மட்டும் அப்படியே இருக்கு. அது பரவாயில்லையா சார்?

திருகாணி:
தாராளமா இருக்கட்டும்மா. புது வெர்ஷன் வந்ததும் கான்டாக்ட்ஸ் பெர்மிஷன் கேட்டு ஒரு பெட்டி வரும், அவசரத்துல 'சரி'யை அழுத்திடாதீங்க, அவ்வளவுதான்.