மறு: ‘ஃப்ளஷ்’ – கழுவலா, அலசலா? (பவர் ஸ்டீயரிங் பகுதி)

அனைவருக்கும் வணக்கம்.

எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவுவது பவர் ஸ்டீயரிங். அதன் எண்ணெயை ‘ஃப்ளஷ்’ செய்வதற்கு, அதாவது பழையதை வெளியேற்றிப் புதியதை நிரப்புவதற்கு, கார் பராமரிப்புக் கையேட்டு வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

> பாய்மத்தைக் கழுவி மாற்றுக.

இரண்டு சொற்களுமே கையைத் தவறான பக்கம் கொண்டுபோகும். ‘கழுவி’ என்று படித்தவர் தண்ணீரையோ டீசலையோ தேடுவார். எது உள்ளே போனாலும், எண்ணெயை அழுத்தித் தரும் பம்ப் கெடும். அதன் தகடுகளுக்கு உயவு தருவதே இந்த எண்ணெய்தான். உண்மையில் இங்கே நடப்பது வேறு. புதிய எண்ணெய் பழையதைக் குழாய் வழியே தள்ளிக்கொண்டுபோய் வெளியே விடுகிறது.

‘ஃப்ளூயிட்’ என்பதற்குப் ‘பாய்மம்’ இயற்பியலில் சரியான சொல். ஆனால் அது காற்றையும் சேர்த்துக்கொள்ளும். இந்த அமைப்புக்குள் நுழையவே கூடாத பொருள் காற்று! ‘நீர்மம்’ என்றால் தண்ணீர் நினைவு வருகிறது. பட்டறையில் ‘ஸ்டீயரிங் ஆயில்’ என்கிறார்கள். ‘ஸ்டீயரிங் எண்ணெய்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெறும் ‘மாற்றுக’ போதுமா என்றால், போதாது. சிரிஞ்சால், எண்ணெய் ஊற்றி வைக்கும் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவதையும் எல்லாரும் மாற்றுவது என்றே சொல்கிறார்கள். அமைப்பு முழுவதும் 1 லிட்டர், டப்பாவில் 300 மி.லி. என்று வையுங்கள். ஒருமுறை செய்தால் 700 மி.லி. பழையது தங்கும். வண்டியை ஓட்டிக் கலக்கவிட்டு மறுபடி செய்தால் 490, மூன்றாம் முறை 343. மூன்று தடவைக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு பழைய எண்ணெய். ஆகவே இதற்கு ‘உறிஞ்சி மாற்றல்’, ஃப்ளஷுக்குத் ‘தள்ளி மாற்றல்’ என்று இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து.

———

ஐயா, வணக்கம்.

> ஃப்ளஷுக்குத் ‘தள்ளி மாற்றல்’

‘உறிஞ்சி மாற்றல்’ அருமை, அப்படியே ஏற்கலாம். ‘தள்ளி’ மட்டும் உறுத்துகிறது. தள்ளிவைத்தல், தள்ளிப்போடுதல் என்று பழகிய காதுக்கு இது ஒத்திப்போடும் வேலையாகக் கேட்கும்.

‘எண்ணெயலசல்’ என்று சொல்லிப் பாருங்கள். துணி அலசும்போது தண்ணீர் தெளியும்வரை அலசுகிறோம். இந்த வேலையிலும் நிறுத்த வேண்டிய இடம் அதுதான்: வெளியே வருவது புதிய எண்ணெயின் நிறத்துக்கு வர வேண்டும். எதைக் கொண்டு அலசுவது என்ற குழப்பமும் இல்லை. எண்ணெய்க் குளியல் என்றால் எதில் குளிப்பது என்று யாரும் கேட்பதில்லையே.

சொல் பொருந்துகிறதா என்று பார்க்க, வேலையையே எழுதிப் பார்த்தேன்:

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துக. டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுக்க. டப்பாவுக்கு வரும் இரண்டு குழாய்களில் தடித்தது பம்புக்குப் போவது. மெலிந்தது, சக்கரங்களைத் திருப்பும் பகுதியான ரேக்கிலிருந்து திரும்பி வரும் மீள்குழாய். மீள்குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, டப்பாவின் அந்த வாயை ரப்பர் மூடியால் அடைக்க. கழற்றிய குழாயோடு ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை இணைத்து, 2 லிட்டர் பாட்டிலுக்குள் விடுக. சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவிக்க. எஞ்சினை இயக்கக் கூடாது. ஒருவர் டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்புக. டப்பா வற்றவே கூடாது. 1 லிட்டர் அமைப்புக்கு 2 லிட்டர் வாங்கி வைத்துக்கொள்க.

எஞ்சினை ஓடவிட்டு அலசுவோரும் உண்டு. டப்பா சில விநாடிகளில் காலியாகிவிடும், பம்ப் காற்றை இழுக்கும். கையேட்டில் அந்த முறையைத் தரவே வேண்டாம்.

———

இருவருக்கும் நன்றி. ‘எண்ணெயலசல்’ எனக்கு உடன்பாடு. அலசல் என்றால் ஆராய்ச்சி என்றும் பொருள் உண்டுதான். எண்ணெயோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் எழாது.

அடுத்த சொல்லையும் முடித்துவிடுவோம். எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் ‘ப்ளீடிங்’ என்பதற்கு வரைவில் ‘காற்றிறக்கல்’ என்று இருக்கிறது. காற்றை இறக்குவது டயரில். பட்டறையில் ‘ஏர் எடுக்கணும்’ என்பார்கள், ஆகவே ‘காற்றெடுப்பு’. மீள்குழாயை மாட்டி, டப்பாவை நிரப்பி, எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே 15–20 தடவை கோடிக்குக் கோடி திருப்ப வேண்டும். குமிழி அடங்கிய பிறகே எஞ்சின். இயக்கியதும் எண்ணெய் பால்போல வெளுத்து நுரைத்தாலோ பம்ப் ஊளையிட்டாலோ இன்னும் காற்று இருக்கிறது. நிறுத்திக் கால் மணி நேரம் விட்டு மறுபடி தொடங்க வேண்டும். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்போது அழுத்தத் தணிப்பு வால்வு திறந்து, அதே எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். பெல்ட்டில் சிந்தியதைத் துடைக்காவிட்டால் பெல்ட் வழுக்கும். அந்தக் கிறீச்சொலியையும் காற்று என்று எண்ணிவிடுவார்கள்.

‘எண்ணெய்’ பற்றி ஒரு எச்சரிக்கை, இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரேக்குக்கும் ‘பிரேக் ஆயில்’ என்றுதான் பேச்சு வழக்கு. அது எண்ணெயே இல்லை, கிளைக்கால் (glycol) என்னும் வேதிப்பொருள் வகைத் திரவம். அதை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றினால் சீல்கள் கெட்டுக் கசியும். ஸ்டீயரிங் எண்ணெயைப் பிரேக்கில் ஊற்றினால் அங்குள்ள ரப்பர் உப்பி, பிரேக்கே பிடிக்காமல் போகலாம். எனவே கையேடு முழுவதும் ‘ஸ்டீயரிங் எண்ணெய்’, ‘பிரேக் திரவம்’. இரண்டும் ஒரே சொல்லில் வரக் கூடாது.

எந்த எண்ணெய் என்பதை மூடியையும் வண்டியின் கையேட்டையும் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். 2005இல் இந்தியாவுக்கு வந்த முதல் இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் (தானியங்கி கியர்பெட்டிக்கான எண்ணெய்), சிவப்பு. ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றுக்குப் பென்டோசின் என்ற பச்சை நிற எண்ணெய். ஹோண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய். ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இன்றைய சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது மின்மோட்டார்தான், எண்ணெய் டப்பாவே இராது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

திருத்திய வரி:

> ஸ்டீயரிங் எண்ணெய்: எண்ணெயலசல் செய்து, பின் காற்றெடுப்பு செய்க. உறிஞ்சி மாற்றல் இதற்கு ஈடாகாது.