மறுமொழி: ‘இலக்க-ஒப்புமை மாற்றி’க்குப் பதிலாக ‘அலைமீட்டி’

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் எண்களாக உள்ள ஒலியை மின்னலையாக்கும் கருவிக்கு (ஆங்கிலத்தில் DAC) நம் கலைச்சொல் பட்டியலில் ‘இலக்க-ஒப்புமை மாற்றி’ என்று இருக்கிறது. அதற்குப் பதிலாகப் போன வாரம் இந்த இழையில் ‘அலைமீட்டி’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டேன். காரணம் சொல்லாமல் சொல்லை மட்டும் வைத்தால் யாருக்கும் பிடிபடாது. சிலர் கேட்டிருக்கிறீர்கள், ஒருவர் இலக்கணக் குறையும் சுட்டியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தச் சொல்லைத் தேட வைத்தவர் என் பெரியப்பா. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து அவரே பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரிகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய கேசட்டாக இருந்தன. பேரன் அவற்றைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். ராத்திரியில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கேட்பதற்காக நல்ல ஹெட்போன் ஒன்றும், மேசையில் வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினோம். எண்களாக உள்ள ஒலியை மின்னலையாக்கும் பகுதி, அந்த அலைக்கு ஹெட்போனை இயக்கும் வலுவைக் கொடுக்கும் பகுதி என்று அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். குறுவை அறுப்பு நேரம், போக முடியவில்லை. அதனால் எப்படி இணைப்பது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நம் குழுவின் பட்டியலில் உள்ள சொற்களையே போட்டேன்: இலக்க-ஒப்புமை மாற்றி, மின்மாற்றி (டிரான்ஸ்ஃபார்மர்), பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்), புவியிணைப்பு (எர்த்).

முதல் போன் வந்தது. “விளக்கு எரியுது தம்பி, சத்தம் வரல.” இது எளிது. அவர் மாட்டியிருந்தது பழைய செல்போன் சார்ஜர் வயர். சில சார்ஜர் வயர்களில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பிகள் இருக்காது. பெட்டியில் விளக்கு எரியும், ஆனால் அப்படி ஒரு பெட்டி இருப்பதே கணினிக்குத் தெரியாது. பெட்டியோடு வந்த வயரை மாட்டச் சொன்னேன், கணினியின் பின்பக்கத் துளையில் நேராக. அப்புறம் ஒலி அமைப்பில் போய், ஒலி எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் புதுப்பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். சத்தம் வந்தது, ஆனால் ரொம்ப மெலிசாக. அவருடைய ஹெட்போன் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு 300 ஓம், அதற்கு மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். பெட்டியின் பின்னால் இருந்த சிறு சுவிட்சை உயர்வுப் பக்கம் தள்ளி, கணினியில் ஒலியளவை 100இல் வைத்துவிட்டுப் பெட்டியின் திருகிலேயே கூட்டிக் குறைக்கச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துக்கொண்டு, திருகைக் குறைத்த பிறகுதான் சுவிட்சைத் தள்ள வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன், காது முக்கியம். அன்று ராத்திரி மல்லாரி கேட்டுவிட்டுத்தான் படுத்தாராம்.

சிக்கல் மறுநாள் வந்தது. பெட்டியிலிருந்து கூடத்தில் உள்ள பழைய ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு வயர் இழுத்துவிட்டார். உடனே ‘ம்ம்ம்’ என்று விடாத இரைச்சல். போனில் சொன்னார்: “மாற்றி சூடா இருக்கு தம்பி, தொட முடியல.”

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தச் சின்னப் பெட்டி தொட முடியாத அளவு சுடக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன், ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னேன், மறுபடி கழற்றச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் சொன்ன மாற்றி பழைய ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் மின்மாற்றி. அது எப்போதுமே சூடாகத்தான் ஓடும். நான் கேட்டது இலக்க-ஒப்புமை மாற்றியைப் பற்றி. அவர் பதில் சொன்னது மின்மாற்றியைப் பற்றி. எழுதி அனுப்பிய நீளமான பெயர்கள் பேச்சில் வரும்போது தலையும் நடுவும் உதிர்ந்து, இரண்டுமே ‘மாற்றி’ என்று ஆகிவிட்டன. தவறு அவர்மேல் இல்லை. நாம் கொடுத்த சொற்களின் வால் ஒன்றாக இருக்கிறது. மனிதர்கள் வாலைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு கலைச்சொல் அகராதியில் சரியாக இருந்தால் போதாது. பழுது பார்க்கும்போது, போனில், ஒரு தடவை சொன்னவுடன் புரிய வேண்டும். பேச்சில் சுருங்கினாலும் அடையாளம் போகக் கூடாது.

‘அனலாக்’ என்பதற்கு வைத்த ‘ஒப்புமை’யிலும் எனக்கு மனக்குறை உண்டு. காற்றில் உள்ள அழுத்தம் ஏறி இறங்குவதைப்போலவே மின்னழுத்தமும் ஏறி இறங்குவதால் அந்தப் பெயர், காரணம் தவறில்லை. ஆனால் நம் காதில் ஒப்புமை என்றால் உவமை, இல்லையென்றால் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எழுதி அனுப்பிய தாளைப் படித்துவிட்டுப் பெரியப்பா கேட்டதும் அதுதான்: “எதுக்கு எது ஒப்பு?”

சரி, ஏன் ‘மீட்டி’?

அந்தப் பகுதி உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பதியும்போது, அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதிவைக்கிறோம், சிடி இசைத்தட்டின் அளவு அது. களத்தில் நெல்லை மரக்காலால் “லாபம், ரெண்டு, மூணு” என்று (ஒன்றை ‘லாபம்’ என்றே சொல்வார்கள்) அளந்து போடுவதுபோலத்தான். ஆனால் நெல்லை அளந்து முடித்தால் எத்தனை மரக்கால் என்பது மட்டும் நிற்கும், அம்பாரம் எந்த வடிவில் இருந்தது என்பது போய்விடும். ஒலியில் அப்படிப் போகாது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளந்துவிட்டால், அந்த எண்களிலிருந்து அலையின் முழு வடிவமும் திரும்பக் கிடைக்கும். நைக்விஸ்ட், ஷானன் என்ற இரண்டு அறிஞர்கள் பெயரால் வழங்கும் தேற்றம் சொல்வது இதைத்தான். மனிதக் காது நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரை கேட்கும், 44,100இல் பாதி 22,050. அதனால் காதுக்கு வேண்டியது எல்லாம் உள்ளே அடங்கிவிடுகிறது.

வெளியே வருவது படிக்கட்டுபோல வெட்டு வெட்டாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நம் குழுவிலும் ஒருவர் அப்படி எழுதியிருந்தார். எண்களை அலையாக்கும் வேலையில் ஒரு வடிகட்டியும் சேர்ந்தே இருக்கிறது. அது படிகளை நீக்கி, வளைவான அலையையே வெளியே விடுகிறது.

சம்பா நடவுக்கு நகையை அடகு வைக்கிறோம். கையில் இருப்பது சீட்டு. அறுவடைக்கு அப்புறம் சீட்டைக் காட்டினால் வருவது அந்த நகையேதான், அதைப்போல வேறொரு நகை இல்லை. கணினியில் இருக்கும் கோப்பு அந்தச் சீட்டு. ‘மாற்றி’ என்று சொன்னால் ஒன்று போய் வேறொன்று வந்ததுபோலக் காதில் விழுகிறது. ‘மீட்டி’ என்றால் பதிந்தது திரும்பி வருகிறது. சேதாரம் கொஞ்சம் உண்டு. ஓர் எண்ணுக்கு 16 பிட் (இரும இலக்கம்) என்று வைத்தால், ஒவ்வோர் அளவையும் 65,536 நிலைகளில் ஒன்றுக்குள் தள்ள வேண்டியிருக்கிறது, அந்தத் தள்ளலில் மிக மெல்லிய இரைச்சல் சேரும். அதற்குச் ‘சேதாரம்’ என்றே பெயர் வைக்கலாமா என்றுகூட ஆசையாக இருக்கிறது, ஆனால் அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இலக்கணக் குறைக்கு வருகிறேன். திருவாரூர் ஐயா சொல்வது நியாயம். ‘மீட்டினான்’ என்றால் வீணையின் தந்தியைச் சுண்டி ஒலி எழுப்பினான், ‘மீட்டான்’ என்றால் திரும்பப் பெற்றான். இரண்டும் வேறு வேறாக முடிகிற வினைகள். திரும்பப் பெறும் பொருளில் கருவிப்பெயர் வேண்டுமென்றால் ‘மீட்பி’ என்றுதான் வர வேண்டும் என்கிறார். ஐயா, நான் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். போனில் பெரியம்மாவிடமும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ‘மீட்பி’யை ‘வீட்பி’யா என்று கேட்டார். ‘மீட்டி’ உடனே வந்தது. காட்டி, ஊட்டி, கூட்டி என்று வாய்க்குப் பழகிய ஓசை அது. பெருக்கு என்பதிலிருந்து பெருக்கி வந்ததுபோல மீட்டு என்பதிலிருந்து மீட்டி இலக்கணப்படியே வருகிறது. அப்போது அதன் நேர்ப்பொருள், அலையை மீட்டி ஒலி எழுப்புவது. பலா மரத்தில் குடைந்த வீணை தஞ்சாவூரில் உருவாகிற இந்த மண்ணில் அந்தப் பொருள் யாருக்கும் அந்நியம் இல்லை. திரும்பப் பெறும் பொருள் அதன் நிழலாகக் கூடவே வரட்டும். ‘மீட்பி’தான் வேண்டும் என்று குழு முடிவு செய்தால் நான் தடுக்க மாட்டேன். ‘மாற்றி’யை மட்டும் விட்டுவிடுங்கள்.

எதிர்த்திசையில் வேலை செய்யும் கருவிக்கு, அதாவது அலையை அளந்து எண்ணாக்குவதற்கு, ‘அலையெண்ணி’ என்று வைக்கலாம். இரண்டும் ஜோடியாக நிற்கும், வாலும் வேறாக இருக்கும்.

பெருக்கியை மாற்ற வேண்டாம். பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்ட சொல், ஆடிப்பெருக்கு கொண்டாடுகிற ஊரில் அதன் பொருளை விளக்கவும் வேண்டாம். ஆனால் ‘ஒலிபெருக்கி’ என்று எழுதாதீர்கள், அது கூம்பு ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. ஹெட்போனுக்கான பெருக்கி என்று சொல்ல ‘காதுப்பெருக்கி’ போதும் என்று நினைக்கிறேன். ‘செவி’ சேர்த்தால் காது கேளாதோர் கருவி என்று எண்ணிக்கொள்ள இடம் இருக்கிறது.

கடைசியாக அந்த ‘ம்ம்ம்’. அதற்கும் ஒரு பெயர் வேண்டும், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்போனில் மட்டும் கேட்டால் இரைச்சல் இல்லை. கூடத்து ஆம்ப்ளிஃபையரை இணைத்தால்தான் வருகிறது. கணினி உள்ளறையில் மூன்று முள் பிளக்கில், ஆம்ப்ளிஃபையர் கூடத்தில் இன்னொரு மூன்று முள் பிளக்கில். இரண்டுக்கும் எர்த் உண்டு. நடுவில் ஒலி வயரின் மேலுறைக் கம்பி இரண்டையும் சேர்த்து, எர்த் ஒரு முழு வளையமாகிவிட்டது. இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையில் உள்ள சிறு அழுத்த வேறுபாடு அந்த வளையத்தில் மின்னோட்டமாக ஓடுகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதுவும் அதன் மடங்குகளும்தான் உறுமலாகக் கேட்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொன்னாராம். ஒருபோதும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் மாட்டச் சொன்னேன், பெரும்பாலும் அடங்கியது. மீதிக்கு, கணினியின் பின்னால் சிவப்பு வெளிச்சம் தெரியும் ஒளித்துளையிலிருந்து ஒளியிழை வயர் மூலம் பெட்டிக்கு இணைத்தோம். ஒளியில் உலோகத் தொடர்பு கிடையாது. ஆனாலும் உறுமல் போகவில்லை. ஏனென்றால் பெட்டிக்கு மின்சாரம் இன்னும் கணினியின் யூஎஸ்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது, வளையம் அந்த வழியில் மூடிக்கொண்டது. மின்சாரத்தை இரண்டு முள் செல்போன் சார்ஜருக்கு மாற்றிய பிறகுதான் அமைதி.

இந்த வளையத்துக்குப் ‘புவிச்சுற்று’ என்று பட்டியலில் இருக்கிறது. படித்தால் பூமி சூரியனைச் சுற்றுவது ஞாபகம் வருகிறது. ‘எர்த்கண்ணி’ என்று வைக்கலாமா? கண்ணி என்றால் வளையமும் ஆகும், மாட்டிக்கொள்ளும் பொறியும் ஆகும். ஊரில் எல்லோரும் எர்த் என்றே சொல்வதால் அந்தப் பாதியை அப்படியே விடலாம் என்பது என் எண்ணம். தனித்தமிழில்தான் வேண்டும் என்பவர்கள் ‘புவிக்கண்ணி’ பற்றிச் சொல்லுங்கள்.

பட்டியலில் சேர்ப்பதற்கான விளக்கம் இது: ‘அலைமீட்டி: எண்களாகப் பதிந்த அலையை மின்னலையாக மீட்டுத் தரும் கருவி அல்லது கருவிப் பகுதி.’ ஞாயிற்றுக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் சேர்த்துவிடுகிறேன்.