டர்போ டைமர்: தேவையா, தண்டச் செலவா?

பல்லாவரம்_போலோ:
நேற்று டயர் திரியில் பழைய_ஸ்பேனர் அண்ணன் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: "டர்போ வண்டி வாங்கக் காசு இருக்கிறவனுக்கு நாலாயிரம் ரூபாய் டைமர் வாங்க மனசில்லை என்றால், டர்போ போகட்டும், எனக்கென்ன." இதைப் படித்துவிட்டு என் மைத்துனன் இரவு பதினொரு மணிக்கு போன் போட்டு, "மச்சான், நம்ம வண்டியில் டைமர் இருக்கிறதா?" என்று பதறுகிறான். அதனால்தான் இந்தத் தனித் திரி.

தெரியாதவர்களுக்கு: வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும், கொதிக்கிற விசிறிதான் டர்போ. அது ஆறுவதற்காக, சாவியை உருவிய பிறகும் இன்ஜினை ஒன்று, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பிறகு தானே அணைக்கும் சின்னப் பெட்டிதான் டர்போ டைமர். டர்போவுக்கு ஆயில் மட்டுமே குளிர்ச்சி தந்த எண்பதுகளில் அது சரி. என் 2014 போலோ 1.2 டிஎஸ்ஐ பெட்ரோலில் டர்போவுக்குத் தண்ணீர்ச் சுற்று இருக்கிறது, அதற்கென்று மின்சார பம்ப்பும் இருக்கிறது. வண்டியை அணைத்துக் கதவைச் சாத்திய பிறகும் பானெட்டுக்குள் 'ஙொய்' என்று அது ஓடுவது கேட்கும். வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக வந்தால் போதும்.

பழைய_ஸ்பேனர்:
கடைசி ஒரு கிலோமீட்டர் வீட்டுக்கு இருக்கிறது தம்பி. டீக்கடைக்கு?

திருச்சி பைபாஸில் 110இல் வருகிறாய். 'டிகிரி காபி' போர்டு தெரிகிறது. இண்டிகேட்டர் போட்டு, மண்ணில் இறங்கி, சாவியைத் திருப்புகிறாய். 110இலிருந்து டபராவுக்கு இருபது விநாடி. டர்போவின் ஷாஃப்ட், அதாவது நடுத்தண்டு, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆயில் பிரஷர் பூஜ்யம். உள்ளே நின்ற ஆயில் வெந்து கரியாகிறது. அடுத்த தடவை அந்தக் கரிதான் பேரிங்குக்கு உப்புத்தாள்.

அவிநாசி ரோட்டில் 18 வருடமாக பட்டறை வைத்திருக்கிறேன். கரி பிடித்த ஷாஃப்ட் ஒன்று மேஜை டிராயரில் கிடக்கிறது. படம் போடுகிறேன்.

பல்லாவரம்_போலோ:
பிரேக்கில் கால் வைத்து இறங்குவதற்குள் ஷாஃப்ட்டின் வேகம் எப்போதோ விழுந்திருக்கும். லட்சம் சுற்றில் யாரும் சாவியைத் திருப்புவதில்லை அண்ணா. பிரச்சினை சூடுதான், வேகம் இல்லை. 18 வருடப் பட்டறையில் இதுகூடவா தெரியாது?

பழைய_ஸ்பேனர்:
சூடுதான் என்று நீயே ஒத்துக்கொண்டாய். நன்றி. டீக்கடைக்குப் பதில்?

நாமக்கல்_நாகு:
எங்கள் வீட்டில் மூன்று லாரி. ஒன்றிலும் டைமர் கிடையாது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டுவார், இன்ஜினை அணைக்காமல் இறங்குவார், இரும்புக் கம்பியால் டயர்களை 'டொக், டொக்' என்று தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார், அப்புறம் ஏறி அணைப்பார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். நாலாயிரம் ரூபாய்ப் பெட்டி செய்கிற வேலையை எங்கள் ஊரில் கம்பி செய்கிறது.

பழைய_ஸ்பேனர்:
நாகு, நீ சொன்னது எனக்குத்தான் சாதகம். மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும் என்று உங்கள் டிரைவருக்கே தெரிந்திருக்கிறது. போலோ தம்பிக்குத்தான் தெரியவில்லை.

நாமக்கல்_நாகு:
ஓடவிட வேண்டும் என்றுதான் சொன்னேன். பெட்டி வேண்டும் என்று எப்போது சொன்னேன்?

பில்லு_பரமன்:
கணக்கு போடுவோம். 1.3 டீசல் ஐடிலில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 10 மில்லி. தினம் இரண்டு தடவை என்றால் 20 மில்லி. வருடத்துக்கு 7.3 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 670 ரூபாய்ச் சொச்சம். டைமர் விலை தனி. மாட்டுகிற கூலி தனி. பத்து வருடம் ஓட்டினால் பத்தாயிரத்துக்கு மேல்.

பழைய_ஸ்பேனர்:
புது டர்போ என்ன விலை என்று அந்தக் கால்குலேட்டரிலேயே பார்த்துச் சொல்லுங்கள் பரமன் சார்.

பில்லு_பரமன்:
டைமர் இல்லாமல் எத்தனை டர்போ போகிறது என்ற எண்ணைக் கொடுங்கள், போட்டுத் தருகிறேன். டிராயரில் கிடக்கும் ஒரு ஷாஃப்ட்டை வைத்துக் கணக்குப் போட முடியாது. அந்தப் படமும் இன்னும் வரவில்லை.

குன்னூர்_கோமதி:
நான் இருப்பது மலை. இங்கே சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் இழுத்து, கியரிலும் போட்டு, தேவைப்பட்டால் பின் சக்கரத்துக்குக் கல்லும் வைப்போம். டைமர் இருந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கியரில் விட்டுப் போக முடியாது. நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பிச் சாவியை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் நடந்தார். இரண்டாவது நிமிடத்தில் வண்டி அவர் இல்லாமலே கீழே இருந்த முட்டைக்கோஸ் பாத்திக்குப் போய்விட்டது. ஆள் சேதம் இல்லை. முட்டைக்கோஸுக்குப் பணம் கொடுத்தார்.

இதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே?

பழைய_ஸ்பேனர்:
அது ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்துபோன கேஸ் அம்மா. டைமரைக் குறை சொல்லாதீர்கள். ஒழுங்காக மாட்டினால் ஹேண்ட்பிரேக் சுவிட்சிலிருந்து ஒரு வயர் டைமருக்குப் போகும். பிரேக்கை இறக்கினால் இன்ஜின் அணைந்துவிடும்.

குன்னூர்_கோமதி:
வண்டி தானாக உருளும்போது ஹேண்ட்பிரேக் லீவர் மேலேதான் இருக்கும் சார். சுவிட்ச் எப்படி அணைக்கும்?

பழைய_ஸ்பேனர்:
மலையில் ஓட்டுகிறீர்கள், சரி. கல்லாறிலிருந்து ஏறி, பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க நிறுத்துகிறீர்கள். இரண்டாம் கியரில் இழுத்து இழுத்து டர்போ சிவந்திருக்கும். அப்போது சாவியைத் திருப்பினால்? டீக்கடையும் அதுவும் ஒன்றுதான். இங்கே கடைசி ஒரு கிலோமீட்டர் எங்கே? எல்லாமே ஏற்றம்தான்!

குன்னூர்_கோமதி:
வண்டியில் உட்கார்ந்தபடியே விலை கேட்பேன். எப்படியும் பேரம் முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்கி வரும்போது அதுவும் வேண்டாம். கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தால்தானே டர்போவுக்கு வேலை.

பல்லாவரம்_போலோ:
அதேதான். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் முடிந்தது. பல டீசல் வண்டிகளின் ஓனர்ஸ் மேனுவலிலேயே, வேகமாக ஓட்டிய பிறகு கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு அணையுங்கள் என்றுதான் இருக்கிறது. பெட்டி வாங்கு என்று எந்த மேனுவலில் இருக்கிறது, அண்ணா?

பழைய_ஸ்பேனர்:
நெடுஞ்சாலையில் எதற்கு நிறுத்துகிறோம்? பாதி நேரம் அவசரத்துக்குத்தான். பின்சீட்டில் நாலு வயசுப் பிள்ளை "அப்பா, வருது" என்று கத்தும்போது, "இருடா கண்ணா, டர்போ ஆறட்டும்" என்று சொல்லிப் பார். சீட் கவர் மாற்றுகிற கூலியை பரமன் சார் கணக்கில் சேர்க்கட்டும்.

அப்புறம், உன் பம்ப் எல்லா வண்டியிலும் இல்லை தம்பி. இந்த நாட்டில் ஓடும் அந்தப் பழைய 75 குதிரைத்திறன் 1.3 டீசல் இருக்கிறதே, ஸ்விஃப்ட்டில் வந்தது, அதன் டர்போவுக்குத் தண்ணீர் கிடையாது. ஆயில் மட்டும்தான்.

பல்லாவரம்_போலோ:
அது டீசல். அதன் புகை 800 டிகிரியைச் சுற்றித்தான் உச்சம். பெட்ரோலில் 950ஐத் தாண்டும். அதனால்தான் பெட்ரோல் டர்போவுக்குத் தண்ணீர் வைத்தார்கள், இதற்கு ஆயில் போதும் என்று விட்டார்கள். உங்களுடைய கரிக் கதை பெட்ரோல் வண்டிக் கதை. அதைக் கொண்டுவந்து டீசல்காரன் தலையில் கட்டுகிறீர்கள். ஜப்பானில் எச்கேஎஸ், அபெக்ஸி பெட்டிகளை மாட்டியவர்களெல்லாம் பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றி விரட்டியவர்கள். அதைப் பார்த்து ஸ்விஃப்ட் டீசலுக்கு மாட்டுவது, சைக்கிளுக்கு ஏர்ஹார்ன் வைப்பது மாதிரி.

மதுரை_மல்டிஜெட்:
என் ஸ்விஃப்ட் டீசல், 2011, 3,40,000 கிலோமீட்டர். அதே டர்போ. டைமர் இல்லை. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவேன், அவ்வளவுதான். டர்போவைக் கொல்வது சாவி இல்லை, ஆயில் மாற்றாத சோம்பேறித்தனம்.

பழைய_ஸ்பேனர்:
மதுரைக்காரர் டீக்கடையில் நிறுத்தியதே இல்லையா?

மதுரை_மல்டிஜெட்:
ஜிகர்தண்டா கடையில் நிறுத்துவேன். அது ஊருக்குள் இருக்கிறது. அந்த டிராபிக்கில் டர்போ மட்டுமில்லை, நானே ஆறிப்போய்விடுவேன்.

புதுசு_2024:
வணக்கம். வென்யூ 1.0 டர்போ புக் செய்திருக்கிறேன். புஷ் ஸ்டார்ட் மாடல். டைமர் போடலாமா, வேண்டாமா?

பில்லு_பரமன்:
ஒரு சட்ட விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126. பொது இடத்தில் வண்டி நிற்கும்போது டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். டைமர் போட்டு டீ குடிக்கப் போகிறவர் இரண்டும் இல்லாமல் போகிறார். சாலையோரம் பொது இடம்தான்.

பழைய_ஸ்பேனர்:
அரசு பஸ்ஸை ஸ்டாண்டில் உறுமவிட்டு டிரைவர் டீ குடிக்கிறாரே, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் 126ஐ.

நாமக்கல்_நாகு:
அது டர்போவுக்காக இல்லை. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயம்.

மதுரை_மல்டிஜெட்:
அரசு பஸ்ஸைக் கிண்டல் செய்யாதீர்கள். என் அப்பா 31 வருடம் ஓட்டினார். பாட்டரியைக் கேட்டு டெப்போவில் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தார் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

நாமக்கல்_நாகு:
அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை அண்ணே. பாட்டரியைத்தான் சொன்னேன்.

பல்லாவரம்_போலோ:
இப்போது வரும் பல டர்போ பெட்ரோல் வண்டிகளில் சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைகிறது. செய்தவனே அணைக்கிறான். அதற்கு ஸ்பேனர் அண்ணன் என்ன சொல்கிறார்?

பழைய_ஸ்பேனர்:
சிக்னலுக்கு யாராவது 110இல் வருவானா? டீக்கடைக்கு வருவான். நான் கேட்டது டீக்கடை. நீ சிக்னல், சட்டம், முட்டைக்கோஸ் என்று ஊரைச் சுற்றுகிறாய்.

பல்லாவரம்_போலோ:
முட்டைக்கோஸ் நான் சொன்னதில்லை. சரி, நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் பட்டறையில் டைமர் விற்கிறீர்களா, இல்லையா?

பழைய_ஸ்பேனர்:
கேட்டு வருகிறவர்களுக்கு மாட்டித் தருகிறேன். விற்பது வேறு, மாட்டுவது வேறு.

பில்லு_பரமன்:
ஆஹா.

பழைய_ஸ்பேனர்:
என்ன ஆஹா? போன வருடம் டயருக்கு நைட்ரஜன் அடிக்கச் சொன்னபோதும் இதே ஆஹாதான். அப்புறம் திரியையே பூட்டினார்கள். உங்களிடம் பணம் வாங்கினேனா?

பில்லு_பரமன்:
காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது, மீதிக்கு டயருக்கு இருபது ரூபாயா என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பழைய_ஸ்பேனர்:
அந்தத் திரியைக் கிளற வேண்டாம்.

தாம்பரம்_தேவா:
நான் டைமர் போட்டவன். போட்டுவிட்டுக் கழற்றினேன். டர்போவுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் ஆனது. அபார்ட்மெண்டில் தினமும் லிஃப்டுக்குள் காலை வைக்கும்போது வாட்ச்மேன் ஓடிவருவார்: "சார், வண்டி ஓடிக்கிட்டே இருக்கு." விளக்குவேன். மறுநாள் இன்னொரு வாட்ச்மேன். கடைசியில் அசோசியேஷன் கூட்டத்தில், பேஸ்மெண்டில் புகை என்று என் பெயரைப் போட்டே தீர்மானம். இக்னிஷன் வயரை வெட்டி ஒட்டியிருந்ததால், கழற்றின பிறகு ஒரு மாதம் ரேடியோ தானாக அணைந்து அணைந்து எரிந்தது.

பழைய_ஸ்பேனர்:
வயரை வெட்டியவன் யார்? வண்டிக்கென்று வரும் ஹார்னஸ் (பிளக்கோடு வரும் வயர் கட்டு) வாங்கி மாட்டினால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். கண்டவனிடம் மாட்டினால் இப்படித்தான்.

தாம்பரம்_தேவா:
மாட்டியவரும் 18 வருட அனுபவம் என்றுதான் சொன்னார்.

புதுசு_2024:
சார், வென்யூ? டெலிவரி வெள்ளிக்கிழமை.

குன்னூர்_கோமதி:
லீவர் மேலே இருக்கும்போது சுவிட்ச் எப்படி அணைக்கும் என்று கேட்டிருந்தேன்.

பழைய_ஸ்பேனர்:
எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மேனுவல் எழுதியவனுக்கு நம் டிகிரி காபிக் கடை தெரியாது. தண்ணீர்ச் சுற்று இருந்தாலும் ஆயில் ஆயில்தான். கடைசி ஒரு கிலோமீட்டர் என்பது வீடு இருக்கிறவனுக்கு, ரோட்டில் இருக்கிறவனுக்கு இல்லை. டீக்கடைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஷாஃப்ட் படத்தை நாளை போடுகிறேன், டிராயர் சாவி பையனிடம் இருக்கிறது.

பல்லாவரம்_போலோ:
டீக்கடைக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே போர்டு வைத்திருக்கிறான் அண்ணா. அங்கே காலை எடுங்கள்.

பழைய_ஸ்பேனர்:
எந்தக் கடை? பெயர் சொல்.

நாமக்கல்_நாகு:
விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி இடது பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே காபி தண்ணியாக இருக்கும். நிறுத்தாதீர்கள்.

மதுரை_மல்டிஜெட்:
அது வலது பக்கம்.