போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் ஏன் வெருளுகினம்? வகுப்பில என்ன செய்யலாம்?

வன்னி_ரீச்சர்:
முல்லைத்தீவுப் பக்கப் பள்ளிக்கூடம். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள். யுத்தத்தைக் கண்ட நினைவு ஒருத்தருக்கும் இல்லை. ஆனால் ஹெலி தாழப் பறந்தால் ரெண்டு மூண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு மேசையோட குனிகினம். வீடுகளில அந்தக் கதையே எடுக்கிறேல்லையாம். இது மரபணுவில வாறதோ? நான் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

உளவளத்துணை_கிளி:
மரபணுவை இப்ப விடுங்கோ ரீச்சர். பெற்றோர் பட்ட அதிர்ச்சி பிள்ளையின்ர மரபணுக் குறிகளிலயும் தெரியுதோ எண்டு பார்த்த, அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூடா குழுவின்ர 2015 ஆய்வைத்தான் எல்லாரும் காட்டுகினம். நாஜிப் படுகொலையில தப்பின 32 பேர், அவையின்ர பிள்ளைகள் 22 பேர், அவ்வளவுதான். அதை வச்சு "இரத்தத்திலயே ஊறிட்டுது" எண்டு தாய்க்குச் சொன்னால், இனி என்ன செய்யிறது எண்டு இருந்திடுவா.

வீட்டில நடக்கிறதைப் பாருங்கோ. ஹெலிச் சத்தம் கேட்டதும் அம்மாவின்ர கை பிள்ளையின்ர தோளை இறுக்குது. வாய் "ஒண்டுமில்லை" எண்டுது. பிள்ளை கையைத்தான் நம்பும்.

வகுப்பில: ரெண்டு பாதமும் நிலத்தில அழுத்தமாய். மூக்கால 4 எண்ணி உள்ள, 6 எண்ணி வெளிய, 5 நிமிசம். பயமில்லாத நேரத்தில தினமும் பழக்கினால்தான் பயம் வரேக்க உடம்புக்கு ஞாபகம் வரும். கண்ணை மூடச் சொல்லாதேங்கோ, சிலருக்கு இருட்டில பதட்டம் கூடும். மூச்சைக் கவனிச்சாலே தலை சுத்துற பிள்ளைக்கு, கண்ணில படுற 5 பொருளின்ர பேரைச் சொல்லச் சொல்லுங்கோ. தாய்மாருக்கு இதெல்லாம் புதிசில்லை: ஜெபமாலை, நாமஜெபம், திக்ர் (முஸ்லிம்களின்ர இறைநினைவு) எது பழக்கமோ அதையே தயா சோமசுந்தரம் போன்ற யாழ்ப்பாண மனநல மருத்துவர்கள் சாந்தப் பயிற்சியாய்ப் பயன்படுத்தினவை.

அந்தியேட்டி:
ஒண்டு விடுபட்டுப் போச்சு. காணாமல் ஆக்கப்பட்டவையின்ர பிள்ளைகளுக்கு "அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை" குடுக்காதேங்கோ. அந்த வீட்டில 31ஆம் நாள் கிரியையும் நடக்கேல்லை, திவசமும் இல்லை. அம்மா "வருவார்" எண்டுவா, மாமா "விடு" எண்டுவார். பிள்ளை நடுவில. "ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டு நெருக்கினால் அது தாய்க்குத் துரோகம் மாதிரிப் படும். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" எண்ட ரெண்டையும் சேர்த்துச் சொல்லப் பிள்ளைக்கு இடம் குடுத்தாலே பெரிய காரியம். 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பம் ஆள் காணாமல் இருக்கிறார் எண்டு மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில விசாரிக்கச் சொல்லுங்கோ.

உளவளத்துணை_கிளி:
உண்மைதான். கதை கேக்கிறதிலயும் அவசரம் வேண்டாம். ஒரே இருப்பில முழுக்கக் கொட்டவைக்கிற முறையை உலக சுகாதார அமைப்பே வேண்டாம் எண்டிட்டுது. பகலில, 30 நிமிசத்துக்கு மேல போகாமல், குடும்பத்தின்ர இடப்பெயர்வு வரைபடம் ஒண்டு கீறச் சொல்லுங்கோ: குடும்பத்தின்ர சொந்த ஊர், போன இடங்கள், மெனிக் பாம் அகதி முகாம், இப்ப இருக்கிற வீடு. கட்டாயம் இப்பத்தைய வீட்டில முடிக்கவேணும். பங்கருக்குள்ள விட்டிட்டு மணியடிச்சால் ராவைக்கு நித்திரை வராது.

வன்னி_ரீச்சர்:
மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்குக் கஞ்சி குடுக்கேக்க என்ன செய்யிறது?

அந்தியேட்டி:
அரிசி, தண்ணி, உப்பு. "ஏன் வேற ஒண்டும் போடேல்லை?" எண்டு பிள்ளை கேட்டால் அம்மம்மாவையே பதில் சொல்ல விடுங்கோ. நீங்கள் முந்தாதேங்கோ.

உளவளத்துணை_கிளி:
மாசக்கணக்கில நித்திரை இல்லை, வீட்டில குடி, அடி, அல்லது பிள்ளை தன்னைத்தானே வெட்டுது எண்டால் மூச்சுப் பயிற்சி காணாது. ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கோ. இரவில அவசரமெண்டால் 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அடியுங்கோ.