சைலன்சர் ஸ்டட் ஒடிந்து ஹெட்டுக்குள் நிற்கிறது, எப்படி எடுப்பது?

கார்புரேட்டர்100:
100 சிசி பைக். சைலன்சர் நட்டைக் கழட்டும்போது ஒரு ஸ்டட் ஒடிஞ்சிடுச்சு. எம்6 ஸ்டட் (6 மில்லி மரைக் கம்பி), அலுமினியம் ஹெட் (இன்ஜினோட மேல்பாகம்). 3 மில்லி அளவுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கு. கையில ஹேண்ட் டிரில், சின்ன புளோ டார்ச், வைஸ் கிரிப் (பூட்டிக்கிற கொறடு), ஈஸி அவுட் (ஒடிஞ்ச ஸ்டட்ல ஓட்டை போட்டு, உள்ள விட்டுத் திருகி எடுக்கற கருவி) செட் இருக்கு. வெல்டிங் மெஷின் இல்லை. ஹெட்டை இறக்காம எடுக்க முடியுமா? ஈஸி அவுட்ல ஆரம்பிக்கலாமா?

லேத்மேடை:
ஈஸி அவுட் பெட்டியிலேயே இருக்கட்டும். 6 மில்லி ஸ்டட்டே தாங்காமல் ஒடிந்த இடத்தில், 3 மில்லி ஓட்டைக்குள் போகிற ஈஸி அவுட் எப்படித் தாங்கும்? அது கூம்பு வடிவம் வேறு. இறுக இறுக ஸ்டட்டை விரித்து மரையோடு இன்னும் நெருக்கும். உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் அதில் கீறல்கூடப் போடாது. அப்புறம் கார்பைடு பிட்டோ, ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும்) பட்டறையோதான்.

வெளியே இருக்கும் 3 மில்லியை முதலில் காப்பாற்றுங்கள். வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துருவிளக்கும் எண்ணெயை நனைத்த துணியை ஸ்டட்டைச் சுற்றிக் கட்டி ஒரு இரவு விடுங்கள். அந்த இடம் முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் வெறுமனே ஸ்பிரே அடித்தால் வழிந்து போய்விடும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ஏடிஎஃப்) சரிபாதி கலந்து ஊற்றுபவர்கள் உண்டு, நன்றாகவே இறங்கும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அது முழுக்க ஆவியாகும்வரை டார்ச்சைப் பற்றவைக்கவே கூடாது.

மறுநாள் பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள், எண்ணெய்த் துணியை அவிழ்த்துவிடுங்கள். சூடாக்க வேண்டியது ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டை, ஸ்டட்டை அல்ல. ஒரே சூட்டுக்கு இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், மரை தளர்வது அதனால்தான். 150 முதல் 200 டிகிரி போதும். அலுமினியம் சிவக்காது, நேராக உருகிவிடும்; சுத்த அலுமினியம் 660 டிகிரியில், ஹெட்டில் இருக்கும் கலவை அதற்கு முன்பே. கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், கருப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அந்த இடத்தில் அளக்கவும்.

சூட்டோடு சூடாக வைஸ் கிரிப்பை இறுக்கிப் பிடித்து, முதலில் *இறுக்கும்* பக்கம் லேசாக ஒரு அழுத்தம். அசைந்ததா? பிறகு கழட்டும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே கொஞ்சம், சொட்டு எண்ணெய், மறுபடி வெளியே. ஒரே மூச்சில் திருகினால் துருத்தூள் மரையில் சிக்கி மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

ஆர்க்_மணி:
வைஸ் கிரிப் வழுக்க ஆரம்பிச்சா உடனே நிறுத்திடுங்க. வண்டியத் தள்ளிக்கிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போங்க, பத்து நிமிஷ வேலை. ஸ்டட்டு மேல எம்8 நட்டை வெச்சு, உள்பக்கத்த வெல்டால நிரப்பணும். அலுமினியத்துல இரும்பு வெல்டு ஒட்டாது, பயப்படாதீங்க. வெல்டு சூட்டுல ஸ்டட் விரிஞ்சு, ஆறும்போது சுருங்கி துருப்பிடி விட்டுடும். செவப்பு போன பிறகு மெழுகுவர்த்திய வேர்ல தேச்சீங்கன்னா மெழுகு உருகி மரைக்குள்ள இறங்கும். அப்புறம் ஸ்பேனர் போட்டு ஆட்டி ஆட்டி எடுங்க. மொத தடவ நட்டு பிச்சுக்கிட்டு வந்தா இன்னொரு நட்டு வைங்க, மூணு நாலு தடவகூட ஆகும்.

கவனிக்க வேண்டியது நாலு. பேட்டரி நெகட்டிவ கழட்டணும். எர்த் கிளாம்ப்ப ஹெட்டுலயே மாட்டணும், சேசிஸ்ல மாட்டினா கரண்ட் பேரிங் வழியா ஓடலாம். துத்தநாக முலாம் பூசின நட்டு வேண்டாம், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும். பிரேக் கிளீனர் அடிச்ச எடத்துல வெல்டும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர்னா சூட்டுல விஷவாயு வரும்.

கார்புரேட்டர்100:
ரெண்டுமே சரிப்படலைன்னா டிரில் பண்ணித்தானே ஆகணும்? பிட் நடுவுல நிக்காம வழுக்குதே, அதுக்கு என்ன செய்யறது?

லேத்மேடை:
ஸ்டட் கடினம், சுற்றிலும் அலுமினியம் மெது. பிட் மெதுவான பக்கம்தான் ஓடும். அரத்தால் ஸ்டட்டைத் தட்டையாக்கி, சென்டர் பஞ்சால் நடுவில் குத்துங்கள். லேத் பட்டறையில் ஒரு சின்ன புஷ் (நடுவில் ஓட்டையுள்ள உருளை) கேளுங்கள்: வெளி அளவு சைலன்சர் ஃபிளேன்ஜ் ஓட்டைக்குள் இறுக்கமாகப் போக வேண்டும், உள் ஓட்டை 3 மில்லி. ஃபிளேன்ஜை மற்ற ஸ்டட்டில் நட் போட்டு மாட்டி, புஷ் வழியாக டிரில் செய்தால் பிட் விலக வழியில்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டில் துணி அடைப்பதை மறக்க வேண்டாம், தூள் வால்வு வரைக்கும் போகும். கண்ணாடி கட்டாயம். கையுறை போட்டுக்கொண்டு டிரில் பிடிக்காதீர்கள், பிட் சுற்றிக்கொண்டு விரலை இழுத்துவிடும்.

3 மில்லி, பிறகு 4, கடைசியாக 5. எம்6 மரைக்கு டேப் (மரை வெட்டும் கருவி) டிரில் அளவு 5தான், அதைத் தாண்டக் கூடாது. இடதுபக்கம் சுழலும் பிட் கிடைத்தால் வாங்குங்கள், பாதியில் ஸ்டட் தானாகவே திருகிக்கொண்டு வெளியே வருவதுண்டு. வரும் தூளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கருஞ்சாம்பல் என்றால் இரும்பு. வெள்ளி மாதிரி மெத்தென்ற சுருள் வந்தால் அலுமினியத்தில் ஏறிவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். 5 மில்லி சரியாக நடுவில் போனால் மிச்சம் சுருள் கம்பி போல மரையில் ஒட்டியிருக்கும். கூரான ஊசியால் நெம்பி எடுத்து, எம்6 டேப்பை எண்ணெய் விட்டுக் கையால் ஓட்டுங்கள். மரை கெட்டுவிட்டால் 6.3 மில்லி டிரில், அதற்குரிய டேப், 9 மில்லி நீள ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் உள்ளே திருகும் கம்பிச்சுருள்).

படிகாரம்:
ஹெட்டை இறக்கிட்டா இன்னொரு வழி இருக்கு, நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற படிகாரம். சுடுதண்ணில கரையுற அளவுக்குக் கரைச்சு, கண்ணாடி இல்ல பிளாஸ்டிக் பாத்திரத்துல ஸ்டட் இருக்கற பக்கம் மூழ்கற மாதிரி வெச்சு, தொடர்ந்து சூடா வெச்சிருக்கணும். இரும்பு கரையும், அலுமினியம் அப்படியே இருக்கும். வால்வு, ஸ்பிரிங், மத்த ஸ்டட் எல்லாத்தையும் முன்னாடியே எடுத்துடணும், அதையும் சேத்துத் தின்னுடும். ஒரு நாளுக்கு மேலயே ஆகும். உள்ள ஒடிஞ்ச டேப்புக்கும் ஈஸி அவுட்டுக்கும்கூட இது கேட்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்னா மெனக்கெடாதீங்க.

ஆர்க்_மணி:
திரும்ப மாட்டும்போது ஸ்டட் மரையில காப்பர் கிரீஸ் கொஞ்சம், நட்டு பித்தளை நட்டா போடுங்க. அடுத்த தடவ பிடிச்சுக்கிட்டாலும் நட்டுதான் மொதல்ல விட்டுக்கொடுக்கும், ஸ்டட்டு தப்பிக்கும்.