மடிநோய்க்கு ஆண்டிபயாடிக் இல்லாமல் வைத்தியம் உண்டா?

செவலைக்கன்று:
எங்கள் கறவை மாட்டுக்கு மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது, எப்போதும் அதே பின்காம்பில்தான். காம்புக்குள் ஆண்டிபயாடிக் ட்யூப் மருந்து ஏற்றினால் அடங்குகிறது, அப்புறம் மறுபடி திரிதிரியாகப் பால். மருந்து ஏற்றிய நாட்களில் பாலைக் கொட்டுவது வயிற்றெரிச்சல். கற்றாழைப் பூச்சு, வேப்பெண்ணெய், காம்புக்குள் பூண்டுச்சாறு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது உண்மையில் கேட்கும்?

கறவைக்காரி:
மாடு தீவனம் எடுக்கிறதா, அதை முதலில் பாருங்கள். காய்ச்சல், சில்லிட்ட காது, தண்ணீராக வரும் பால், படுத்தால் எழ முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் கற்றாழை வெட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஈ.கோலை மாதிரிக் கிருமியின் நச்சு ரத்தத்தில் ஏறினால் ஒரே நாளில் மாடு போய்விடும். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாடு தெம்பாக இருந்து பால் மட்டும் கெட்டிருந்தால் பூச்சு போடலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் செக்கச்செவேல் என்று வரும். காம்பில் இருக்கும் பாலை ஒட்டப் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவி, விழுதைத் தண்ணீரில் இளக்கி மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள். சலிப்பான வேலைதான். இதில் வீக்கம் வடிவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் புகழில் பாதி, அடிக்கடி பீய்ச்சுவதற்குச் சேர வேண்டியது என்பேன். கிருமியும் நச்சும் பாலோடு வெளியே போகின்றனவே! அந்தத் திரிப் பாலையும் கொட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

காம்புத் துளைக்குள் மட்டும் பூண்டுச்சாறோ எண்ணெயோ எதையும் ஏற்றாதீர்கள். சுத்தமில்லாத ஒன்றை உள்ளே விட்டால் ஈஸ்ட் என்கிற பூஞ்சைத் தொற்று வந்து சேரும். அதற்கு ஆண்டிபயாடிக்கும் கேட்காது.

அதே காம்பில் மறுபடி மறுபடி என்றால் எனக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மேல்தான் சந்தேகம். மடித் திசுக்களுக்குள் ஒளிந்துகொள்கிற கிருமி அது. ஊசி மருந்தே அதனிடம் திணறும்போது மேல்பூச்சு என்ன செய்யும்? அடுத்த ட்யூப் ஏற்றும் முன் பாலைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள்.

கொட்டில்வாசி:
பூச்சைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வராமல் தடுப்பதுதான் என் கட்சி. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். உடனே தீவனம் போட்டு அரைமணி நேரமாவது மாட்டை நிற்க வையுங்கள். கறந்த பிறகு காம்புத் துளை கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், அப்போது சாணத்தில் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி.

ஆண்டிபயாடிக் பேச்சு வந்ததால் கன்றுக் கழிச்சலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் ஆட்கள் உடனே ஆண்டிபயாடிக் கேட்கிறார்கள். ரோட்டா வைரஸால் வந்த கழிச்சலுக்கு அது வீண். உப்பு, சர்க்கரை சேர்ந்த நீர்தான் கன்றைக் காப்பாற்றும். பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் கொடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நாள் போனால் அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் குடல் உறிஞ்சாது.

செவலைக்கன்று:
மாடு நன்றாகத்தான் மேய்கிறது. கல்ச்சருக்குக் கொடுக்கிறேன். ஆரியஸ் என்று வந்தால் அந்த ஒரு காம்பை வற்ற விட்டுவிடலாமா?

கறவைக்காரி:
விடலாம், பலரும் செய்வதுதான். எப்படி வற்ற வைப்பது என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். அதுவரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த மடியைத் தொடாதீர்கள்.