உடனொளிர் நானோவைரம்: ஒரு சொல் முன்மொழிவு

உயிரணுவுக்குள் செலுத்திப் படம்பிடிக்கப் பயன்படும், ஆங்கிலத்தில் fluorescent nanodiamond எனப்படும் வைரத் துகளுக்கு முன்வைக்கப்பட்டுள்ள ‘மின்னும் நுண்வைரம்’ என்ற பெயரைத் தமிழ்க் கலைச்சொல்லாக ஏற்பதற்கு முன், அதிலுள்ள சொற்களை மீண்டும் எடைபோட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில், பெயரைக் கேட்டவுடன் பிள்ளையின் மனத்தில் எது தோன்றும் என்பதையே முதலில் பார்க்கிறேன்.

‘மின்னும்’ என்றால் நகைக்கடை வைரம்தான் தோன்றும். அது தன்மேல் விழும் ஒளியை ஒடித்தும் எதிரொளித்தும் திருப்புகிறது. நாம் பெயரிடும் துகளோ பச்சை ஒளியை உட்கொண்டு, 600 முதல் 800 நானோமீட்டர் (ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர்) அலைநீளத்தில் சிவப்பாக உமிழ்கிறது. தூண்டும் ஒளி நின்றால் உமிழ்வும் நின்றுவிடுகிறது. எனவே, தூண்டல் நின்ற பின்னும் நீடிக்கும் நின்றொளிர்தலிலிருந்து பிரித்துக் காட்டும் ‘உடனொளிர்’ என்பதே தகும். அது வினைத்தொகையாக அமைவதும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. வழக்கமான சாயங்கள் ஒளி பாயப் பாய வெளுத்துப்போகையில், இத்துகள் மங்காமல் ஒளிர்வதையும் உயிரணுவுக்கு அதனால் தீங்கு குறைவென்பதையும் தைவானில் ஹுவான்-செங் சாங் குழுவினர் 2005இல் வெளியிட்டனர். நேற்றும் இன்றும் நாளையும் ஒளிரும் பொருளுக்கு முக்காலமும் ஏற்கும் தொகை பொருந்துகிறது.

‘நுண்’ என்பதை நுண்ணோக்கியும் நுண்ணுயிரியும் முன்பே எடுத்துக்கொண்டன. ‘மீநுண்’ அழகிய சொல்தான். ஆயினும் அளவை நானோமீட்டரில் சொல்லிவிட்டுப் பொருளை மட்டும் வேறுபெயரால் அழைப்பது பிள்ளைகளைக் குழப்பும். நானோ இருக்கட்டும்.

என்னை இவற்றைவிட அதிகம் உறுத்துவது ‘நைட்ரஜன் வெற்றிட மையம்’ என்ற தொடர். வைரத் துகளில் ஒளி பிறப்பதே அம்மையத்தில்தான். பால்மர நிரையில் ஒரு மரத்துக்குப் பதில் வேற்றினக் கன்று நிற்க, அதை அடுத்த இடத்தில் மரமே இல்லாதிருப்பதைப் போல, கார்பன் அணுக்களின் ஒழுங்கான அடுக்கில் ஓரிடத்தில் நைட்ரஜன் அமர்ந்திருக்க, பக்கத்து இடம் அணுவின்றிக் கிடக்கிறது. நைட்ரஜன் கலந்த வைரத்தை எலெக்ட்ரான் அல்லது அயனிக் கற்றையால் தாக்கினால் கார்பன் அணுக்கள் இடம்விட்டு எறியப்படுகின்றன. பிறகு காற்றை அகற்றிய கலத்தில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போது, அணு இல்லாத இடங்கள் நகர்ந்து நைட்ரஜனை அடைந்து நிலைகொள்கின்றன. இதைப் பாடக்குறிப்பாக எழுதினால், ‘வெற்றிடத்தில் சூடாக்க வெற்றிடங்கள் நகர்கின்றன’ என்றாகிவிடுகிறது. காற்றற்ற வெளிக்கும் ஓரணு நீங்கிய இடத்துக்கும் ஒரே சொல் போதாது. ‘காலியிடம்’ வேலை விளம்பரத்தை நினைவூட்டுகிறது. ‘ஒழிவிடம்’ என்று வைத்து, ‘நைட்ரஜன் ஒழிவிட மையம்’ என அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

உட்கொண்ட ஒளியை உமிழ இத்துகள் சுமார் 20 நானோநொடி எடுத்துக்கொள்கையில் ‘உடன்’ என்பது பொருந்துமா என்று கேட்கப்படலாம். பொருந்தும் என்பேன், கண்ணறிய அது உடனேதான். ஆயினும் அந்தத் தாமதம் ஆய்வாளருக்குப் பெரிதும் உதவுகிறது. உயிரணு இயல்பாகவே வெளியிடும் ஒளிர்வு சில நானோநொடியில் அடங்கிவிடுவதால், சற்றுக் காத்திருந்து பதிவுசெய்தால் வைரத்தின் ஒளி மட்டும் தெளிவாகக் கிடைக்கிறது. உயிரணுவின் அந்த ஒளிர்வை ‘இயல்பொளிர்வு’ எனலாமா, ‘தன்னொளிர்வு’ எனலாமா என்பதையும் இத்துடன் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும். நான் முன்னதை விரும்புகிறேன். ‘தன்னொளிர்வு’ என்றால் தூண்டும் ஒளியே தேவையில்லை எனப் பிள்ளைகள் எண்ணக்கூடும்.